தலத் மெஹ்மூதின் நடுக்கம் குறையல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் பழைய இந்திப் பாடகர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ரஃபிக்கும் முகேஷுக்கும் தாராளமாக இடம் கொடுத்திருந்தீர்கள், சந்தோஷம். தலத் மெஹ்மூதுக்கு நாலே வரி. அதிலும் ஒரு வரியில், குரல் நடுங்கும் குறையால் அவர் நிலைக்க முடியாமல் போனதாக எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். 1974இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் சில நாள், அப்புறம் கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயம், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடு. எனக்கு அப்போது பத்து வயது. சிலோனில் நாங்கள் இருந்த அட்டனிலிருந்து அப்பா சுமந்து வந்த சாமான்களில் உருப்படியானது ஒரு ரேடியோ. அவருக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் காலையில் சிலோன் ரேடியோவில் பழைய இந்திப் படப் பாட்டு வந்தால், கடைசியாக வரும் பாடகர் சைகலின் பாட்டு முடிகிற வரை வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஆண்டுவிழாப் பாட்டுக்கு என்னைச் சேர்த்தார்கள். ஒத்திகையின் மூன்றாம் நாள், "உன் குரல் நடுங்குது, நீ பின்னால் நின்று வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வந்து அழுதேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் கொழுந்து எடுக்கக் கிளம்பிய அம்மாவையும் நிறுத்தி, என்னை ரேடியோ பக்கம் இழுத்து உட்கார வைத்தார். தலத் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "கேளு புள்ள, இவருக்கும் நடுங்குது. இவரை யாரு பின்னால நிப்பாட்டினாங்க?"

அப்பா சொன்னது முழு உண்மை அல்ல என்று பின்னாளில்தான் தெரிந்தது. தலத்தையும் நிறுத்தத்தான் பார்த்தார்கள். 1924இல் லக்னோவில் பிறந்து, பதின்வயதிலேயே அங்கே வானொலியில் பாடி, கல்கத்தாவில் தபன் குமார் என்ற பெயரில் வங்காளப் பாட்டுகளும் பாடிப் பெயர் வாங்கிய மனிதர் அவர். 1949இல் பம்பாய்க்கு வந்தபோது, பயத்தில் குரல் நடுங்குகிறது என்று சினிமாக்காரர்கள் பேசினார்களாம். அவரும் மனம் உடைந்து, நடுக்கத்தை அடக்கிப் பாடிப் பார்த்திருக்கிறார். இசையமைப்பாளர் அனில் பிஸ்வாஸ்தான் ஒலிப்பதிவை நிறுத்தி, எனக்கு அந்த நடுக்கம்தான் வேண்டும், அதைக் கொண்டு வா என்று சொன்னாராம். 1950இல் 'ஆர்ஸூ' படத்தில் நடிகர் திலீப் குமாருக்காக அவர் பாடிய 'ஏ தில் முஜே ஐஸி ஜகா லே சல்' அப்படி வந்ததுதான். கேட்டுப் பாருங்கள். சுருதி இம்மிகூட விலகாது. நீட்டிய சொல் முடிகிற இடத்தில் குரல் மட்டும் மெல்ல அதிரும். பயத்தில் நடுங்கும் குரலுக்கு அவ்வளவு கட்டுப்பாடு வராது.

அப்படியென்றால் அறுபதுகளில் பாட்டு ஏன் குறைந்தது? நடிக்கப் போனது ஒரு காரணம் என்பது என் எண்ணம். பத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்தார், 1958இல் நடிகை நூதனுடன் 'சோனே கி சிடியா' உட்பட. அதற்குள் படங்களும் மாறி, துள்ளலான பாட்டுகள் வந்துவிட்டன. கஜல் என்ற மென்மையான உருதுப் பாட்டைப் பாடுகிற குரலுக்கு அங்கே வேலை குறைவு. ஆனாலும் குறையுள்ள குரலென்றால், 1959இல் 'சுஜாதா'வில் காதலன் தொலைபேசியில் பாடும் பாட்டை இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மன் அவருக்குக் கொடுத்திருப்பாரா? 1964இல் 'ஜஹான் ஆரா'வுக்கு இசையமைத்த மதன் மோகன் அவரைக் கூப்பிட்டிருப்பாரா? 1977இல்கூட மலையாள 'த்வீப்' படத்தில் பாபுராஜ் இசையில் பாடியிருக்கிறார். கூடலூர்ப் பக்கத்து என் சிநேகிதி ஒருத்திக்கு அந்த 'கடலே நீலக்கடலே' மனப்பாடம்.

1992இல் பத்மபூஷண் கிடைத்தது. 1998 மே 9ஆம் தேதி காலமானார். அப்பா அதற்கு நாலு வருடம் முன்பே போய்விட்டார்.

முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தேன். பாட வந்த எந்தக் குழந்தையையும் நான் பின்னால் நிறுத்தியதில்லை. உங்கள் ஞாயிறு மலரைப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எனவே வரும் வாரம் ஒரு சின்னத் திருத்தமாவது போடுங்கள், 'குறை' என்ற அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.