ராத்திரி மூன்று மணிக்கு ஓடும் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் தூக்கமின்மை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சூடான பால், செல்போனைத் தள்ளி வைப்பது, சாயங்காலத்துக்கு மேல் காபி கூடாது, எல்லாம் சரி. படுத்த பிறகு மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

எனக்கு வயது 51. இரண்டு வருஷமாக ராத்திரி இரண்டரை, மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. கழுத்தெல்லாம் வியர்த்து ரவிக்கை நனைந்திருக்கும். மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று ஃபேனைக் கூட்டிவிட்டுப் படுத்தால் அதற்குள் மனசு எழுந்து உட்கார்ந்துவிடும். மாவு பொங்கி வழிந்திருக்குமோ, மாமியாருக்கு பிரஷர் மாத்திரை நாளையோடு தீருகிறதே, போனில் மகன் குரல் ஏன் ஒரு மாதிரி இருந்தது, மத்தியானம் நாத்தனார் சொன்ன அந்த ஒரு வார்த்தை. அப்புறம் கடிகாரம். இப்போது தூங்கினாலும் இரண்டு மணி நேரம்தான் என்று கணக்குப் போட ஆரம்பித்தேனோ, நெஞ்சு படபடக்கும், பால்காரர் மணி அடிக்கிறவரை அப்படியே கிடப்பேன்.

டாக்டரிடம் போனேன். "ரொம்ப யோசிக்காதீங்கம்மா" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். என்ன யோசிக்கிறேன் என்று கேட்கவில்லை.

பெண்களுக்குத் தூக்கமின்மை ஆண்களைவிடச் சுமார் 1.4 மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-லேயே சொல்லிவிட்டார்கள். ஹார்மோனுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பையும் பாருங்கள், வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அதற்கே ஒரு நாளில் 299 நிமிடம் போனது, ஆண்களுக்கு 97. நாளைக்கு என்னென்ன வேண்டும் என்று ஒருத்தி மனசிலேயே சுமந்துகொண்டிருப்பது எந்த நிமிடக் கணக்கில் வரும்? பகலில் யாரிடமும் காட்ட முடியாத கோபமும் விளக்கை அணைத்த பிறகுதான் வருகிறது.

ஆண்களுக்கு இது இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை போன ஆறு மாதமும் என் கணவர் மொட்டை மாடியில் நடந்துகொண்டே இருந்தார், தூக்கம் வரவில்லை என்று ஒருநாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

சிபிடி-ஐ என்று பேச்சுவழிச் சிகிச்சை ஒன்று இருக்கிறது, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்கிற மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்துவிட வேண்டும், கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குத் திரும்ப வேண்டும், எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும், 'தூங்காவிட்டால் நாளைக்கு அவ்வளவுதான்' என்கிற பயம் எவ்வளவு உண்மை என்று சோதித்துப் பார்க்க வேண்டும். எங்கள் டாக்டர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தமிழில் விளக்கமாக, எந்தெந்த அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் என்பதோடு ஒரு மனநல மருத்துவரை எழுதச் சொல்லுங்கள்.

படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதி வைத்தவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள் என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. நானும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மாமியார் மாத்திரைக்கு நேராகக் கணவர் பெயரைப் போட்டேன். போன மாதம் அவரே போய் வாங்கி வந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை