41-ஆவது வரியில் இருக்கும் கையெழுத்து

அன்புள்ள அண்ணனுக்கு,

நீர்மாலைக்குக் குழாயடிக்குப் போனபோது நான் உங்களுக்குப் பின்னால்தான் நின்றேன். நிரம்பிய குடத்தை என் கையில் கொடுத்தபோதுகூட நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியம்மாவின் பதினாறுக்கும் வந்து, சாப்பிட்டு, உங்களிடம் ஒரு சொல்லும் பேசாமல் சென்னைக்குப் பேருந்து ஏறிவிட்டேன். எட்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்ததை இனியும் தள்ளிப்போடுவதில்லை என்று அந்தப் பயணத்தில்தான் முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டியதை ஏன் இப்படி ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். உங்களுக்கு நேர்ந்த அவமானம் ஊரறிய நேர்ந்தது. அதே காரணத்தால் இங்கே சிலவற்றைச் சொல்லாமலும் விடுகிறேன். அந்தத் தாளைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டவர் யாரென்று நம் இருவருக்கும் தெரியும். அவரும் இதைப் படிப்பார், அவர் பிள்ளைகளும் படிப்பார்கள். அது போகட்டும்.

காவிரிப் போராட்டத்தால் புனேக்குப் போன சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆட்டங்களைச் சேப்பாக்கத்துக்கே திருப்பித் தர வேண்டுமென்று 2018 மே மாதம் நான் ஊரில் வாங்கிய கையெழுத்துகளில், மூன்றாம் தாளில், 41-ஆவது வரியில் இருப்பது உங்கள் கையெழுத்தன்று. அதைப் போட்டவன் நான்.

உங்கள் கையெழுத்து என் கைக்குப் பழக்கமானதுதான். அப்பா வெளிநாட்டில் இருந்த காலத்தில் என் ரேங்க் கார்டில் நீங்கள்தான் கையெழுத்துப் போடுவீர்கள். எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது, உங்களிடம் காட்டப் பயந்து நானே போட்டுக்கொண்டேன். ஆசிரியர் வீட்டுக்கே வந்து கேட்டபோது, "நான் போட்டதுதான் சார்" என்றீர்கள். அன்றே என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

அந்த ஏப்ரல் 10-ஆம் தேதி இரவை நான் விவரிக்க வேண்டியதில்லை. டீக்கடையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். மூன்று ஆண்டுகள் கழித்துச் சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையைப் பார்க்கிறோம் என்ற வெறியில் இருந்த எனக்கு, கொல்கத்தாவின் ரசல் அடித்த 11 சிக்சர்களும், 203 ரன்னைத் துரத்தி ஒரு பந்து மிச்சமிருக்க ஜடேஜா அடித்த கடைசி சிக்சருமே கண்ணில் நின்றன. உங்களுக்கு நின்றது காவிரிக்காகக் குரல் கொடுத்தவர்கள் வீசி எல்லைக்கோட்டருகே வந்து விழுந்த அந்தச் செருப்பு. கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "இனி இங்க மேட்ச் நடக்காது" என்றீர்கள். மறுநாளே மிச்சமிருந்த ஆறு ஆட்டங்களும் புனேக்குப் போவதாகச் செய்தி வந்தது. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னை சென்ட்ரலிலிருந்து தனி ரயிலே புனேக்குப் போனது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க்காரனுக்குச் சேப்பாக்கமே ஓர் இரவுப் பயணம். புனேக்கு எங்கே போவது?

என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது வலைக்கொட்டகையில் கழிந்த அந்த நண்பகல்தான். தடைக்காலம் தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. படகுகள் எல்லாம் கரையில் கிடக்க, கிழிந்த வலையை மடியில் போட்டு ஒவ்வொரு கண்ணாகக் கோத்துக்கொண்டிருந்தீர்கள். நான் தாளை நீட்டினேன். வலை ஊசியை வாயில் கடித்தபடியே தலையாட்டி மறுத்தீர்கள். நான் லண்டனின் சார்ல்டன் கால்பந்து அணியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். 1985-இல் அவர்கள் 'தி வேலி' (The Valley) என்ற தங்கள் சொந்த மைதானத்தை விட்டு இன்னோர் அணியின் மைதானத்துக்குக் குடிபோக வேண்டி வந்தது. புதர் மண்டிக் கிடந்த திடலை ரசிகர்களே வெட்டிக் குவித்துத் தீ வைத்தார்கள். மாநகராட்சி குறுக்கே நின்றபோது, ரசிகர்களே ஒரு கட்சியாகி 1990 உள்ளாட்சித் தேர்தலில் நின்று 14,838 வாக்குகள் வாங்கினார்கள். 1992 டிசம்பர் 5-ஆம் தேதி அணி வீடு திரும்பி, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றது. அந்தக் கடைசிப் பகுதியை அன்று சொல்ல நீங்கள் விடவில்லை; அதனால்தான் இங்கே முழுதும் எழுதுகிறேன். தேர்தல் வரை வந்தபோது ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டீர்கள்:

"அவங்களுக்குக் குடிக்கத் தண்ணி இருந்துச்சுல்ல தம்பி?"

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா தள்ளுவண்டியோடு வந்தார். திருச்சிப் பக்கம் முத்தரசநல்லூரில் எடுத்து இவ்வளவு தூரம் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் அந்த வாரம் நம் தெருவுக்கு வரவே இல்லை. ஊற்றில் இறங்கிச் சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்பிய ஆறு குடங்கள் அந்த வண்டியில் இருந்தன. பச்சைக் குடத்தின் வாயில் அலம்பாமல் இருக்கப் பனையோலைத் துண்டு ஒன்றைப் போட்டிருந்தார். சக்கரம் மணலில் புதைந்துவிடவே, நீங்கள் வலையை உதறிவிட்டு ஓடினீர்கள். குடங்களை ஒவ்வொன்றாக நீங்கள் இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் 41-ஆவது வரியில் உங்கள் பெயரை எழுதி, கீழே அந்தச் சுழிப்பையும் போட்டேன். வண்டியைத் தள்ளிக்கொடுக்க எழுந்து வரவில்லை. தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

ஏன் போட்டேன்? நீங்கள் போட்டிருந்தால் படகுக்காரர்கள் இருபது பேராவது பின்னால் போட்டிருப்பார்கள். இது காரணம்தானே தவிர நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அண்ணா, மைதானத்தைக் கேட்டது தவறென்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காவிரியில் தமிழ்நாட்டுக்கான 192 டிஎம்சியை உச்ச நீதிமன்றம் 177.25 ஆக்கிய கணக்கைப் பார்ப்பவரிடமெல்லாம் நீங்கள் ஒப்பித்தீர்கள். அதில் ஒரு சொட்டையாவது சேப்பாக்கத்துப் பூட்டு திருப்பிக் கொண்டுவந்ததா? ஜூன் மாதம் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது வழக்கால்தான் என்பேன் நான். தெருவில் நின்றதால் என்பீர்கள் நீங்கள். இதில் நாம் ஒருநாளும் ஒத்துப்போகப் போவதில்லை.

காவிரி மறியலில் நீங்கள் பேச எழுந்த நேரத்தில் அந்தப் படம் எல்லோர் கைபேசியிலும் இருந்தது. "காவிரிக்கு ஒரு கை, கிரிக்கெட்டுக்கு ஒரு கையா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு, "ஆமா, நான் போட்டதுதான்" என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கியைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்தீர்கள். அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் உங்களைப் பேச அழைத்து நான் கேள்விப்படவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நாலு பேர் என்னைத் திட்டியிருப்பார்கள், ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்களா, தண்டித்தீர்களா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 2019 மார்ச் 23-ஆம் தேதி அணி சேப்பாக்கத்துக்குத் திரும்பி, பெங்களூரை 70 ரன்னுக்குச் சுருட்டியபோது நான் அந்தக் கேலரியில்தான் இருந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. விசில் அடிக்க வாயில் விரலை வைத்தேன், காற்று மட்டும்தான் வந்தது. உங்களுக்குப் படம் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. அந்த இரவில் உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

பெரியம்மாவுக்கு இது தெரியும் என்று அண்ணி சொன்னார்கள். தெரிந்துதான் ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்குப் பனங்கிழங்கு கொடுத்தனுப்பினாரா?

தாள்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக அட்டை வந்தது, வேறொன்றும் வரவில்லை. நகல் என்னிடம் இருக்கிறது. 41-ஆவது வரியை அடித்து, பக்கத்தில் "இது இவர் போட்டதன்று" என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். இந்த முறை என்னுடையதையே. சனிக்கிழமை காலை ஊரில் இருப்பேன். அந்த நகலை டீக்கடைச் சுவரில் ஒட்டலாமா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பேச விருப்பமில்லை என்றால் தலையை மட்டும் ஆட்டுங்கள், அன்று வலைக்கொட்டகையில் ஆட்டியதுபோல.

உங்கள் தம்பி