கேனரிக் குஞ்சுகளைத் தாயிடமே விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கேனரி என்னும் சிறு பாட்டுப் பறவையை வளர்ப்பவர்கள் பலர், கூட்டில் முதன்முதலாகக் குஞ்சு பொரித்ததும் கைபேசியில் கிடைக்கும் காணொளிகளைப் பார்த்து, ஊசி நீக்கிய சிரிஞ்சால் அவற்றுக்குக் கூழ் புகட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அன்பினால் செய்யும் இந்தக் காரியம்தான் பல குஞ்சுகளின் உயிரை முதல் வாரத்திலேயே பறித்துவிடுகிறது என்பதைத் தங்கள் நாளிதழின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் காணொளிகளில் பெரும்பாலானவை கிளி இனங்களுக்கானவை. ஓரளவு வளர்ந்த கிளிக்குஞ்சுக்கு ஒரு முறை வயிறு நிறைய ஊட்டினால் சில மணி நேரம் தாங்கும். கேனரிக் குஞ்சு அப்படிப்பட்டதன்று. பொரிக்கும்போது அதன் எடை இரண்டு கிராம்கூட இருக்காது. கண் திறக்காமல், மேனியில் ஆங்காங்கே பஞ்சு போன்ற சில இழைகளைத் தவிர வேறு போர்வை இல்லாமல், தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறனும் இன்றி அது வெளியே வருகிறது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஏறக்குறைய மணிக்கு ஒரு முறையாவது, சிறிது சிறிதாக அதற்கு இரை வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தச் சின்னஞ்சிறு வாய்க்குள் மூச்சுக்குழாயின் திறப்பு நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால், ஒரு துளி கூழ் வழி தவறினாலும் நுரையீரலுக்குள் போய்விடும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகில் விடுவதும் இதே காரணத்தால் ஆபத்தானது. தாய் கக்கி ஊட்டும் இரையிலேயே குஞ்சுக்கு வேண்டிய நீர் இருக்கிறது.

பொரித்த அன்று குஞ்சு எதுவும் தின்னவில்லையே என்று பதறுபவர்களும் உண்டு. முட்டையிலிருந்து வெளிவருவதற்குச் சற்று முன்னர் எஞ்சிய மஞ்சள் கரு முழுவதும் அதன் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடுவதால், முதல் நாளின் பெரும்பகுதியை அது அந்தச் சேமிப்பிலேயே கழித்துவிடும். அன்று அதற்கு வேண்டியது தாயின் வயிற்றுச் சூடு ஒன்றே. நாம் அடிக்கடி எட்டிப் பார்ப்பதாலும், கூட்டை எடுத்து வந்து படம் பிடிப்பதாலும் மிரண்ட தாய் எழுந்து போய்விட்டால், குளிர்ந்துபோன குஞ்சுக்கு வாயைத் திறந்து இரை கேட்கவும் தெம்பிருக்காது. கேட்காத குஞ்சுக்குத் தாயும் ஊட்டுவதில்லை. மனிதக் கை பட்டாலே தாய் குஞ்சை ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கை சரியன்று. தாயைக் கூட்டிலிருந்து விரட்டுவது கையின் வாடை அன்று, ஓயாத தொந்தரவுதான்.

அப்படியானால் நாம் சும்மா இருப்பதா என்று கேட்கலாம். குஞ்சுக்கு ஊட்டும் தாய்க்கு நாம் ஊட்ட வேண்டும் என்பதே என் பதில். வெறும் விதைகளைத் தின்று ஒரு தாயால் குஞ்சுகளை வளர்க்க முடியாது. பத்து நிமிடம் நன்றாக வேகவைத்த முட்டையைப் பொடியாக உதிர்த்து, உலர்ந்த ரொட்டித் தூளுடன் ஈரம் சொதசொதக்காத பதத்தில் கலந்து, சிறு அளவாகப் பகலில் பல முறை வைக்க வேண்டும். காலையில் ஒரு கிண்ணம் நிறைய வைத்துவிட்டு மாலையில் எடுப்பது கூடாது; வெப்பமான நாளில் முட்டைக் கலவை சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும், அதைத் தாய் தின்று ஊட்டினால் குஞ்சுகள் கழிசலில் மடியும். ஊறவைத்து முளைகட்டிய விதைகளை நன்கு அலசிக் கொடுப்பது மிக நல்லது. ஆனால் புளித்த வாடை சிறிதே வந்தாலும் கொட்டிவிட வேண்டும். பாலில் நனைத்த ரொட்டி கொடுப்பது பழைய வழக்கம். பறவைகளுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் இல்லை என்பதால் அதைக் கைவிடுவதே நல்லது. சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் மீனின் ஓடு எப்போதும் கூண்டில் இருக்கட்டும்.

குஞ்சு நன்றாக இருக்கிறதா என்று அறிய அதைக் கையில் எடுக்கவே வேண்டியதில்லை. தாய் தானாக இரை தின்ன இறங்கும் நேரத்தில் ஒரு நொடி எட்டிப் பார்த்தால் போதும். கழுத்தின் வலப்பக்கம் தோல் கண்ணாடிபோல் மெல்லியதாக இருப்பதால், நிறைந்த தீனிப்பை மஞ்சளாகப் புடைத்து, உள்ளேயிருக்கும் விதைத் துணுக்குகள்கூடத் தெளிவாகத் தெரியும். உடல் இளஞ்சிவப்பாகவும், கூட்டை இலேசாகத் தட்டியதும் கழுத்து நீட்டி வாய் பிளப்பதுமாக இருந்தால் கவலை வேண்டாம். தீனிப்பை வெறுமையாகவே இருந்து, உடல் வெளிறி, வாயின் உட்புறமும் சிவப்பு மங்கிக் காணப்பட்டால் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது சிவப்பு உண்ணிகளை. பகலில் கூண்டின் இடுக்குகளிலும் கூட்டின் அடியிலும் ஒளிந்திருந்து இரவில் மட்டும் இரத்தம் உறிஞ்சுவதால், இவை நம் கண்ணில் படுவதே அரிது. இரவில் கூண்டின் மேல் வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்தி, விடிவதற்கு முன் அதன் உட்புறத்தைப் பார்த்தால் சிவந்த புள்ளிகள் நகர்வது தெரிந்துவிடும். பூச்சிமருந்தை அப்படியே குஞ்சுகள் மேல் தெளித்துவிடாமல், புதிய கூடு ஒன்றைத் தயார் செய்து, குஞ்சுகளை அதற்கு மாற்றிவிட்டுப் பழையதை அப்புறப்படுத்த வேண்டும். கூண்டுக்கு எந்த மருந்து என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்வதே பாதுகாப்பு.

விளக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பறவை இருக்கும் அறையில் இரவு திடீரென்று விளக்கை அணைத்தால், அந்த நேரம் தண்ணீர் குடிக்க இறங்கியிருந்த தாய் இருட்டில் கூட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் கம்பியிலேயே உட்கார்ந்துவிடும். இளங்குஞ்சுகள் அந்த ஓர் இரவைத் தாங்குவதில்லை. தாய் கூட்டில் அமர்ந்துவிட்டதைப் பார்த்த பிறகு அணைப்பதோ, மங்கலான சிறு விளக்கொன்றை விட்டுவைப்பதோ எவ்வளவு எளிய காரியம்!

தாயின் காலில் சிக்கிக் கூட்டுக்கு வெளியே வந்து விழுந்து, விறைத்துக் கிடக்கும் குஞ்சை இறந்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். அதை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்லப் பொதிந்து, இளஞ்சூடான மூச்சை ஊதிக்கொண்டு பொறுமையாகக் காத்திருங்கள். முதலில் ஒரு கால்விரல் மடங்கும். பிறகு வாய் சற்றே திறந்து மூடும். உடல் முழுவதும் சூடேறி அசையத் தொடங்கிய பிறகு கூட்டில் மற்றக் குஞ்சுகளுக்கு நடுவே வைத்துவிட்டால், பல நேரங்களில் அது பிழைத்துக்கொள்ளும். சூடேறுவதற்கு முன்னால் எதையும் ஊட்டக் கூடாது.

தாய் இறந்துபோகும், அல்லது முற்றிலும் ஊட்ட மறுக்கும் நிலை வரத்தான் செய்கிறது. அப்போதுகூட, அதே வயதுக் குஞ்சுகள் உள்ள வேறொரு கேனரியின் கூட்டில் வைத்துவிட முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான தாய்கள் பிறர் குஞ்சையும் ஏற்றுக்கொள்கின்றன. கையால் ஊட்டுவது அதற்கும் வழியில்லாதபோது, தெரிந்தவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய கடைசி முயற்சி.

ஒரு வாரத்தில் கண் திறந்து, இறகு முளைத்து, மூன்று வாரத்துக்குள் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஆபத்து நீங்கிவிட்டதென்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இன்னொரு கண்டம் அங்கேதான் இருக்கிறது. நான்கு வாரக் குஞ்சு தானாகக் கொத்துவதைப் பார்த்து அதைத் தனிக் கூண்டில் விதையுடன் அடைத்துவிடுகிறார்கள். கொத்துவது வேறு, விதையை உடைத்து விழுங்குவது வேறு. கெட்டியான விதையை உடைக்கும் வலு அலகுக்கு வர ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதுவரை முட்டைக் கலவையும் முளைகட்டிய விதையும் தொடர வேண்டும். தாய் அடுத்த முட்டைகளுக்கு ஆயத்தமாகிக் குஞ்சுகளின் இறகைப் பிடுங்கத் தொடங்கினால், நடுவே கம்பித் தடுப்பு வைத்து, தந்தை அதன் வழியே ஊட்டும்படி விடலாம். ஆண் கேனரி இந்தப் பொறுப்பை அருமையாகச் செய்யும்.

எனவே, குஞ்சுகளை விற்பவர்கள் ஆறு வாரம் நிறையாதவற்றைக் கைமாற்றக் கூடாது என்றும், பொரித்த தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும், வாங்குபவர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்றும் வேண்டுகிறேன். வளர்ப்புப் பறவைகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் இனி வெளியிடும் குறிப்புகளில், கிளிக்கு உரியது எது, கேனரிக்கு உரியது எது என்பதைப் பறவை மருத்துவம் அறிந்த ஒருவரைக் கொண்டு தனித்தனியே எழுதச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கேனரி வளர்க்கும் தங்கள் வாசகர் ஒருவர்