குட்டி மண்டலங்கள் செய்த பெரிய வேலை

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களைப் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் அந்தப் பழைய விண்மீன் மண்டலங்கள் என்ன செய்தன என்று ஒரு வரிகூட இல்லை. முக்கியமான செய்தியே அதுதான்.

பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 380,000 ஆண்டுகள் கழித்து, அதுவரை தனியே திரிந்து ஒளியை மறித்துக்கொண்டிருந்த இலத்திரன்களும் புரோத்தன்களும் சேர்ந்து ஐதரசன் அணுக்களாகின. மறிப்பு நீங்கி ஆதி ஒளி புறப்பட்டது. அப்புறம் பல கோடி ஆண்டுகளுக்கு விண்மீன் என்று ஒன்றுமே இல்லை. பிறகு தோன்றிய மண்டலங்களின் ஊதாக்கடந்த கதிர்கள் அந்த அணுக்களை மீண்டும் உடைத்து அயனாக்கின. அண்டத்துக்கு ஏறக்குறைய 100 கோடி வயதாகும்போது வேலை முடிந்துவிட்டது. ஓர் ஐதரசன் அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்க 13.6 இலத்திரன்வோற்று சக்தி வேண்டும். உயர்தர இரசாயனவியலில் ஐதரசன் நிறமாலையின் லைமன் தொடர் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது எட்டாத விஷயமல்ல.

களுவாஞ்சிக்குடியில் என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “இலத்திரன் திரும்பவும் தனியாப் போனா, முந்தி மாதிரி வெளிச்சத்தை மறிக்காதா ரீச்சர்?”

எவ்வளவு நல்ல கேள்வி! மறித்தது, ஆனால் மிகக் கொஞ்சம். அதற்குள் அண்டம் நீளவாக்கில் நூறு மடங்குக்கு மேல் விரிந்திருந்தது. கனவளவில் பார்த்தால் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல். இலத்திரன்கள் அவ்வளவுக்கு ஐதாகிவிட்டன. ஆதி ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான் அவற்றில் பட்டுச் சிதறியது என்று பிளாங்க் செய்மதியின் அளவீடு காட்டுகிறது.

சரி, அயனாக்கியது யார்? குவேசார்களா (பெரும் கருந்துளைகளைச் சுற்றி ஒளிரும் மண்டல மையங்கள்), பெரிய மண்டலங்களா, சின்னவையா என்பது நெடுநாள் விவாதம். ஏபெல் 2744 என்ற மண்டலக் கொத்தின் ஈர்ப்பு, ஒளியை வளைத்து வில்லைபோல் பெருப்பித்துக் காட்ட, அதன் வழியாக வெப் பார்த்த எட்டு மங்கலான குட்டி மண்டலங்கள், எதிர்பார்த்ததைவிட நான்கு மடங்கு அயனாக்கும் கதிரை உண்டாக்கின என்ற ஆய்வு 2024இல் வந்தது. என் மனம் சின்னவற்றின் பக்கம்தான். ஆனாலும் அந்தக் கதிரில் எவ்வளவு மண்டலத்தைவிட்டு வெளியே தப்பியது என்பதில் இழுபறி ஓயவில்லை.

ஆங்கிலத்தில் தேடிப் படிக்க வழியில்லாத படுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) பிள்ளைகளின் கைக்கு எட்டுவது ஞாயிறு பத்திரிகைதான். அவர்களுக்காகப் பாடப்புத்தகச் சொற்களிலேயே இதை ஒரு தொடராக எழுதுவியுங்கள். அயனாகாத ஐதரசன் அணுக்கள் வெளிவிடும் 21 சென்ரிமீற்றர் நீள வானொலி அலையையும் சேர்க்கச் சொல்லுங்கள். அண்டம் 30 கோடி வயதில் இருந்தபோது புறப்பட்ட அந்த அலை நீண்டு நீண்டு இன்று எஃப்.எம். வானொலி அலைவரிசைக்குள் வந்து நிற்கிறது. அதைப் பிடிக்கத்தான், வானொலி இரைச்சல் குறைந்த மேற்கு அவுஸ்திரேலியப் பாலையில் ஆயிரக்கணக்கில் அன்ரனாக்களை நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
இரசாயனவியல் ஆசிரியை ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.