லீவில் தோட்ட வேலை பழக விரும்பும் பிள்ளைகளுக்கு

வணக்கம். பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகளுக்குத் தோட்ட வேலை பழக இடம் கிடைக்குமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

முதலில் சேலத்தில் சூரமங்கலம் அல்லது அம்மாபேட்டை உழவர் சந்தைக்கு விடியற்காலையிலேயே பையனையோ பெண்ணையோ கூட்டிப் போங்கள். கூட்டம் குறைந்ததும் விவசாயிகளிடம் அவர்களே பேசட்டும், நாம் தள்ளி நிற்பதே நல்லது. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம், ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இரண்டிலும் நேரில் போய் விசாரிக்கலாம்.

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பது அரையாண்டு லீவோடு ஒத்துப்போகும். சிவந்த பழத்தை மட்டும் கிள்ள வேண்டும். பச்சைக்காய் கலந்தால் மேஸ்திரி சும்மா விடமாட்டார்! கோடையில் மாந்தோப்பு. காம்போடு பறிக்கப் பழகணும், பால் பட்டால் தோல் புண்ணாகிவிடும். முழுக்கைச் சட்டை கட்டாயம்.

14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம், அவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். பெரிய பிள்ளைகளானாலும் மருந்தடிப்பு, டிராக்டர் பக்கம் அனுப்பாதீர்கள். கூலி, சாப்பாடு, வீடு திரும்பும் நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தோட்டம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் யாராவது பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால், ஊர் பெயரும் என்ன பயிர் என்பதும் இங்கே போடுங்கள்.