செயலாளரின் ஆண்டறிக்கை – 2024/25

தலைவர் அவர்களே, சங்க அங்கத்தவர்களே, வணக்கம்.

நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. சந்தா நிலுவையைப் பற்றிப் பொருளாளர் சொல்லுவார். இந்த ஆண்டு எமக்குப் பெரிய தலையிடி இறங்குதுறைக் கரண்ட் தான்.

சோளகக் காற்று தொடங்க முன்னர், கரையேற்றி மரக்கட்டையில் நிறுத்தியிருந்த உள்ளிணைப்பு இயந்திரப் படகொன்றில் பற்றறி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. கீழே ஈரமணலில் வெறுங்காலோடு நின்று சிப்பி சுரண்டிய தொழிலாளியின் கை புரொப்பெல்லரில் பட்டதும் கரண்ட் அடித்து விழுந்தார். பக்கத்தில் நின்றவர் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியதால் உயிர் தப்பினார். பிளக்கைக் கழற்றினால், பச்சை மஞ்சள் எர்த் வயர் வெட்டப்பட்டு நுனியில் கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தது.

கவலையீனமாக வெட்டியதல்ல. துறையில் கட்டிய படகுகளின் உலோகங்களை எர்த் வயர் ஒன்றோடொன்று தொடுக்கிறது. உப்புத் தண்ணீர் மீதியைச் செய்ய, பக்கத்துப் படகுக்காக, எங்கள் படகின் உலோகம் அரிக்காமல் இருக்கப் பூட்டிய துத்தநாகக் கட்டி கரைகிறது. வயரை வெட்டினால் கட்டி நிலைக்கும், உண்மைதான். ஆனால் சார்ஜரில் கரண்ட் கசிவு இருந்தது. மிதக்கும்வரை புரொப்பெல்லர்த் தண்டு வழியே கடல் அதை இழுத்துக்கொண்டது. கரையேறியபின் பைபர் உடலிலும் மரக்கட்டையிலும் அது நிலத்துக்குப் போக வழியில்லை. 230 வோல்ட் இரும்பில் ஆளைப் பார்த்து நின்றது.

துத்தநாகம் கரைவதற்கு மருந்து கல்வானிக் ஐசொலேற்றர். எர்த் வயரின் நடுவே பொருத்தும் டயோட் பெட்டி அது. உலோகங்களுக்கிடையிலான சிறு வோல்ட்டைத் தடுக்கும், பழுதுக் கரண்ட் வந்தால் போகவிடும். விலை கேட்டதும் படகு வைத்திருக்கும் சில சம்மாட்டிமார் முகம் சுளித்தார்கள். எஞ்சினுக்குச் செலவழிக்கும்போது அந்தச் சுளிப்பைக் காணவில்லை.

பிளக் பொயின்ற் ஒவ்வொன்றுக்கும் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போட்டுவிட்டோம். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பார்க்கவேண்டும். உப்புக்காற்றில் ஒட்டிக்கொண்டால் அது சுவரில் தொங்கும் அலங்காரம் தான். வயரை முதலில் படகில் கொழுவி, பிறகு கரையில் கொழுவுங்கள். கழற்றும்போது கரைப்பக்கம் முதலில். எர்த் இல்லாத இரண்டு கோர் வயரோடு வருபவருக்கு இனிக் கரண்ட் இல்லை.

ஐசொலேற்றர் வாங்கச் சங்க நிதியிலிருந்து தவணைக் கடன் கொடுப்பதா என்பதை இன்று சபை தீர்மானிக்கவேண்டும். நிர்வாக சபையில் இதற்கு ஒருமித்த கருத்து வரவில்லை.

செயலாளர்