'அயலான்' படத்தில் சிரிப்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பொங்கலையொட்டி வெளியான 'அயலான்' படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அதில் 4,500-க்கும் மேற்பட்ட வரைகலைக் காட்சிகள் இருப்பதைத்தான் பலரும் முதலில் சொல்கிறார்கள். அந்த உழைப்பில் நானும் குறை காணவில்லை. சித்தார்த்தின் குரலில் பேசும் அந்த வேற்றுக்கிரகவாசி, சிவகார்த்திகேயனின் அருகில் நிற்கும்போது ஒட்டவைத்த பொம்மையாகத் தெரியவில்லை என்பதே தமிழ்ப் படத்துக்குப் பெரிய விஷயம். 2018-இல் தொடங்கி, பணச் சிக்கலிலும் பெருந்தொற்றிலும் மாட்டி ஆறு ஆண்டுகள் கழித்து வந்த படம் என்பதையும் மறக்கவில்லை. ஆயினும், அறிவியல் நகைச்சுவை என்று நம்பிப் போனவர்களுக்கு அது ஏமாற்றமே தந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எதிர்பார்ப்பை வளர்த்தவர் இயக்குநர் ஆர். ரவிக்குமார்தான். 2015-இல் வந்த அவருடைய முதல் படமான 'இன்று நேற்று நாளை'யில், 2065-ஆம் ஆண்டிலிருந்து வந்த கால இயந்திரம் ஒன்று இரண்டு இளைஞர்கள் கையில் சிக்குகிறது. அதைக்கொண்டு அவர்கள் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. தொலைந்த பொருள் எங்கே விழுந்தது என்பதைக் கடந்த காலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதை ஜோதிடம் என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள். கையில் அப்படியோர் இயந்திரம் கிடைத்தால் நம்மவர்கள் இதைத்தான் செய்வார்கள் என்று திரையரங்கே நம்பிச் சிரித்தது. பிறகு, அவர்களுடைய பயணம் ஒன்றினாலேயே என்கவுன்டரில் செத்திருக்க வேண்டிய ரவுடி குழந்தைவேலு உயிர் பிழைத்துவிட, சிரிப்பைக் கொடுத்த அதே விதியிலிருந்து ஆபத்தும் முளைத்தது. அறிவியலை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் நகைச்சுவையும் இல்லை, கதையும் இல்லை.

'அயலான்' படத்தில் வேற்றுக்கிரகவாசியை எடுத்துவிட்டுப் பாருங்கள்: பூம்பாறையிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வரும் நல்ல மனம் கொண்ட விவசாயி, பூமியைத் துளைத்து வாயு எடுக்கத் துடிக்கும் தொழிலதிபர், நடுவில் ஒரு காதல், கடைசியில் ஒரு சண்டை என்று, நாம் பலமுறை பார்த்த படம் அப்படியே மிஞ்சும். 'ஸ்பார்க்' எனப்படும் அந்த வேற்றுலகக் கல்லுக்கு என்ன முடியும், என்ன முடியாது என்ற வரையறை பிடிபடுவதே இல்லை. காட்சிக்கு எது தேவையோ அதை அது செய்துவிடுகிறது. எல்லாம் முடியும் என்றான பிறகு எதிர்பாராத திருப்பத்துக்கு இடமேது? யோகி பாபுவும், முதல் படத்தில் ஜோதிடராக வந்து நம்மைச் சிரிக்கவைத்த அதே கருணாகரனும் இங்கே அயலானுக்குப் பக்கத்தில் நின்று வழக்கமான கவுன்டர்களைத்தான் அடிக்கிறார்கள். நம் ஊரை முதன்முதலாகப் பார்க்கும் ஒரு கண்ணுக்கு நம் பேருந்தும் கல்யாண வீடும் அரசு அலுவலக வரிசையும் எப்படித் தெரியும் என்று யோசித்திருந்தாலே அரை மணி நேர நகைச்சுவை கிடைத்திருக்கும். ஜீனோ என்ற இயந்திர நாயை வைத்து எழுத்தாளர் சுஜாதா தன் நாவலில் செய்து காட்டியது இதைத்தானே. அதற்கு அவருக்கு வரைகலைக் கலைஞர் ஒருவர்கூடத் தேவைப்படவில்லை.

குழந்தைகளுக்கான படம், இவ்வளவு கேள்வி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றினால் முதலில் சண்டைக்கு வருபவர்கள் குழந்தைகள்தாம்.

தங்கள் நாளிதழின் திரை விமர்சனங்களில் ஒளிப்பதிவு, இசை, வரைகலை ஆகியவற்றுக்குத் தனித்தனியாக ஒரு வரி ஒதுக்கப்படுகிறது. அறிவியல் புனைவுப் படம் என்றால், அது வகுத்துக்கொண்ட விதி என்ன, அந்த விதிக்குக் கடைசிவரை நேர்மையாக இருந்ததா என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 'அயலான்' படத்தின் இரண்டாம் பாகம் முன்பே அறிவிக்கப்பட்டிருக்கிறது. வரைகலைக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால், திரைக்கதை எழுத ரவிக்குமாருக்கு ஓராண்டாவது தனியாக ஒதுக்கித் தருவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.